ஹெரால்டுக்கு மாருதி கொடுத்த ஃபேன்

இன்னைக்கு ஒரு ஃபேனைப் பற்றிப் பேசப்போறேன். சீலிங் ஃபேன் இல்லை, காரோட ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றுற ஃபேன். இந்த ஒரு பொருளை வைத்தே இந்திய கார்களோட முப்பது வருஷக் கதையைச் சொல்லிடலாம் என்பது என் கட்சி. கேட்டுட்டு நீங்க சொல்லுங்க.

முதல்ல வண்டி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பேரு இங்கிலீஷா இருந்தாலும் இது நம்ம ஊர் வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் இங்கே தயாரித்தது மெட்ராஸைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம். தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். இன்ஜின் 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசி வரைக்கும் இரண்டு கதவு வண்டிதான். நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்துலயே இந்தியாவில் மட்டும்தான் வந்தது, 1968-ல், மார்க் 3 என்ற பேரில். பாட்டியை முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏற்றிப் பார்த்த யாரோ ஒரு இன்ஜினியர்தான் இதுக்குக் காரணமா இருக்கணும்னு நான் நினைச்சுக்குவேன். ஆதாரம் கேட்காதீங்க.

அந்த வண்டியில் ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றுவது இன்ஜினேதான். தனி மோட்டார் கிடையாது. இன்ஜின் வேகமா ஓடினா ஃபேனும் வேகமா சுற்றும், மெதுவா ஓடினா மெதுவா சுற்றும். இங்கேதான் சிக்கல். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை. சிக்னலில் நிற்கும்போது எதிர்காற்று சுத்தமா இல்லை, ஃபேன்தான் கதி. அப்போது பார்த்து இன்ஜின் ஐடிலில் இருக்கும், ஃபேன் சோம்பேறித்தனமா சுற்றும். தேவை அதிகமா இருக்கும் நேரத்தில் வேலை குறைவா நடக்கும். சாஃப்ட்வேர்ல இப்படி ஒரு டிசைனைக் கொண்டுவந்தா ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஆனா 1961-ல் இது தப்பான டிசைன் இல்லை. ரோடு காலியா இருந்தது, வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது.

இப்போ அபிராமபுரத்தில் இருந்து மயிலாப்பூர் போய்ப் பாருங்க. மெட்ரோ வேலை, தடுப்பு, சுற்றுப்பாதை. ஆழ்வார்ப்பேட்டை பக்கம் ஒரு சிக்னலை மூணு தடவை பச்சையாகப் பார்த்த பிறகுதான் தாண்ட முடியும். மே மாச மத்தியானம் வேற. என் பெரியப்பாவிடம் 1969 மார்க் 3 ஒன்று இருக்கிறது. மூணு வருஷமா அது அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கை விட்டு வெளியே போறதே காலை ஆறு மணிக்குத்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. "வண்டி கொதிச்சு நடுரோட்டுல நின்னா தள்ள எனக்கு வயசு இல்லடா"ன்னு சொல்லி, வாங்க ஆள் தேடவும் ஆரம்பிச்சுட்டார்.

சரி, எலக்ட்ரிக் ஃபேன் எப்போ வந்தது? அதுக்குக் காரணம் டிராஃபிக் இல்லை, இன்ஜின் படுத்திருந்த திசை. 1959-ல் வந்த மினி காரில் இன்ஜினைக் குறுக்காக வைத்தார்கள். அப்போ பெல்ட்டும் ஃபேனும் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்து நிற்கும். அதனால் ரேடியேட்டரையும் பக்கவாட்டிலேயே வைத்தார்கள். 1969-ல் டான்டே ஜியாகோசா வடிவமைத்த ஃபியட் 128-ல் ரேடியேட்டர் முன்பக்கத்துக்குத் திரும்பியது. பெல்ட் அங்கே எட்டாதே? மின்சார மோட்டாரில் ஓடும் ஃபேனைப் போட்டார்கள். தண்ணி சூடானா தானா ஓடும், ஆறினா தானா நிற்கும். இன்ஜின் வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அதே மாதிரி குறுக்கு இன்ஜின், எலக்ட்ரிக் ஃபேன் எல்லாம் சேர்ந்து நம்ம வீட்டுக்கு வந்தது 1983 டிசம்பரில், மாருதி 800 ரூபத்தில். அதற்குள் ஹெரால்டு போய், அதன் வாரிசான கெஸல் 1977-லேயே நின்றுபோயிருந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை விட்டுப் பார்த்தார்கள். 1988-ல் கார் தயாரிப்பே நின்றது. மாருதி வந்த பிறகு பழைய கம்பெனிகள் எதற்குமே மூச்சு விட நேரம் கிடைக்கவில்லை.

புதுப்பேட்டையில் நான் வாங்கியது அந்த மாருதி 800-ன் ஃபேனைத்தான். படத்தைச் சொல்லலைங்க, கூவம் ஓரத்து மார்க்கெட்டைச் சொல்றேன். கடைக்கார பாய் பேட்டரியில் இரண்டு வயரைத் தொட்டு ஓடவிட்டுக் காட்டினார். "சத்தத்தைக் கேளு தம்பி, புஷ் போயிருந்தா கரகரன்னு வரும்." வரவில்லை. நான் இன்னொன்றையும் பார்த்தேன்: காற்று எந்தப் பக்கம் வருது? மாருதியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும். வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்தான், ஆனால் இறக்கையின் வளைவு அதுக்கு ஏற்றதில்லை, காற்று பாதியா குறைஞ்சிடும். அதனால் பழைய ஃபேனைக் கழற்றி, அதே இடத்தில், இழுக்கிற மாதிரியே வைக்க முடிவு செய்தோம். ஹெரால்டின் போனட், மட்கார்டு உட்பட மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். வேலை செய்ய இவ்வளவு வசதியான வண்டி நான் பார்த்ததில்லை.

ஃபேன் கிடைச்சாச்சு, மாட்டியாச்சு, முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. இல்லை. ஹெரால்டில் இருப்பது டைனமோ. நல்ல வேகத்தில் 20 ஆம்பியர் சுற்றி வரும், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. பழைய வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும். அதாவது ஃபேன் ஓட வேண்டிய அதே நேரத்தில் கரன்ட் இல்லை! பழைய நோய் வேற சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வருது. ஃபேன் பேட்டரியைத் தின்னும், கடைசியில் கொதிக்காத இன்ஜினோடு ஸ்டார்ட் ஆகாத வண்டி நிற்கும். ஐடிலிலும் கரன்ட் தருவது ஆல்டர்னேட்டர். சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைத்த பிறகுதான் அது கார்களுக்கு வந்தது, அமெரிக்காவில் கிரைஸ்லரின் வேலியன்ட் 1960-ல் ஆரம்பித்து வைத்தது. எலக்ட்ரிக் ஃபேன் தனியா வந்த பொருள் இல்லை, பின்னால் ஒரு குடும்பமே இருக்கு.

மறுபடி புதுப்பேட்டை. அதே மாருதியின் சின்ன ஆல்டர்னேட்டர், ஒரு ரிலே, ஃபியூஸ். ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்கு நடுவே ஒரு இணைப்புக் குழாய், அதில் தெர்மோ சுவிட்ச். லூகாஸ் வயரிங் போட்ட பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடு எல்லாம் ஒரே நொடியில் போயிடும். எங்கள் வண்டியில் யாரோ முன்னாடியே நெகட்டிவ்வுக்கு மாற்றியிருந்தார்கள். மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டுதான் கை வைத்தோம்.

பெரியப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஒரு ஓட்டை போடக்கூடாது." இது வெறும் பாசம் இல்லை. 50 வயது தாண்டிய கார்களுக்கு 'வி.ஏ.' என்று தனிப் பதிவு எண் தரும் விதியை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது அது. ஃபேன் மாற்றுவது பெரிய மாற்றம் இல்லை என்பது என் வாசிப்பு. ஆனால் அந்த எண் வாங்கினால் வண்டியை வழக்கமாக ரோட்டில் ஓட்டவும் கூடாது. ஓட்ட முடியாத காருக்கு எதுக்கு அசல் ஃபேன்? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பெரியப்பாவுக்கு இருந்தது. அதனால் ரேடியேட்டரின் பழைய போல்ட்டுகளிலேயே இரும்புப் பட்டை வைத்து மாட்டினோம். எப்போ வேணும்னாலும் அரை நாளில் பழையபடி ஆக்கிடலாம்.

போன வாரம் மத்தியானம் மூணு மணிக்கு டி.டி.கே. சாலையில் எடுத்துக்கொண்டு போனோம். சிக்னலில் முள் ஏறியது, பெரியப்பா கை சாவிக்குப் போனது. விர்ரென்று ஃபேன் ஓடியது. முள் ஒரு நிமிஷம் நின்று, மெல்ல இறங்கியது. "மாருதி சத்தம்டா இது"ன்னு முகத்தைச் சுளித்தார். ஆனா வாங்க வந்தவருக்குப் பதில் போன் இன்னும் பண்ணலை. டைனமோவும் பழைய ஃபேனும் தினத்தந்தியில் சுற்றி டிக்கியில் இருக்கு.