நாட்டின் தலைசிறந்தவர் யார்? – ஒரு வரலாற்று ஆய்வு

ஒரு நாட்டின் வரலாற்றில் தலைசிறந்தவர் யார் என்னும் வினா, பட்டிமன்ற மேடைகளிலும் தேநீர்க் கடைத் திண்ணைகளிலும் ஓயாது எழுந்துகொண்டிருப்பதாகும். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வினாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. யாரைப் பெரியவர் என்கிறோமோ, அவரைப் போலவே நம் பிள்ளைகள் ஆக விழைவர். ஆகவே பெரியவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் பிழைபடுமாயின், வளரும் தலைமுறையின் வழியும் பிழைபடும். அந்த அளவுகோல் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2012ஆம் ஆண்டின் தேர்வு

இவ்வினாவை இந்திய நாடு முழுமைக்குமாக எழுப்பி, விடையையும் பெற்ற நிகழ்ச்சி 2012ஆம் ஆண்டில் நடைபெற்றது. 'அவுட்லுக்' வார இதழும் தொலைக்காட்சி நிறுவனங்களும் சேர்ந்து, காந்தியடிகளுக்குப் பின் தலைசிறந்த இந்தியர் யார் என்னும் தேர்வினை நடத்தின. நூறு பெயர்கள் கொண்ட பட்டியல் முதலில் ஐம்பதாகவும் பின்னர்ப் பத்தாகவும் சுருக்கப்பட்டது. 28 அறிஞர்கள் அடங்கிய நடுவர் குழுவின் கருத்து, பொதுமக்களின் வாக்கு, சந்தை ஆய்வு நிறுவனம் நடத்திய கணிப்பு ஆகிய மூன்றும் சேர்த்து எண்ணப்பட்டன. வாக்குகள் ஏறத்தாழ 2 கோடி.

முடிவில் முதலிடம் பெற்றவர் அண்ணல் அம்பேத்கர். அப்துல் கலாம், வல்லபாய் படேல், வாஜ்பாய், அன்னை தெரசா, ஜே.ஆர்.டி. டாட்டா, சச்சின் டெண்டுல்கர், இந்திரா காந்தி, லதா மங்கேஷ்கர் ஆகியோர் அடுத்தடுத்து வந்தனர். நேரு பத்தாம் இடம் பெற்றார்.

இச்செய்தி கேட்டு நம் மக்கள் பேருவகை எய்தியது இயல்பே. வகுப்பறையில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் உரிமையின்றி வளர்ந்த ஒரு மாணவர், இரண்டு கோடி வாக்குகள் பதிவான தேர்வில் முதல்வராக நின்றார் என்பது சிறிய செய்தியன்று. ஆயினும் இளைஞர்களே, மகிழ்ச்சி வேறு, சான்று வேறு. 'அண்ணல் ஏன் தலைசிறந்தவர்?' என்று ஒருவர் கேட்குமிடத்து, 'வாக்கெடுப்பில் வென்றார்' என்று விடை கூறுவோமாயின், நம் வாதத்தை மிக மெலிந்த தூணின்மேல் நிறுத்தியவர்கள் ஆவோம்.

வாக்கு ஓர் அளவுகோலா?

அத்தேர்விலேயே மூன்று முறைகளும் ஒரே வரிசையைத் தரவில்லை. இணையத்திலும் தொலைபேசியிலும் வாக்களிக்க வசதியும் ஆர்வமும் உடையவர் யாரோ, அவர் குரலே அங்கு ஓங்கி ஒலிக்கும்.

பிற நாடுகளின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. இத்தகைய தேர்வுக்கு வழிகாட்டிய பிரிட்டனில், 2002ஆம் ஆண்டு முதலிடம் பெற்றவர் வின்ஸ்டன் சர்ச்சில். போரில் தம் நாட்டைக் காத்தவர் என்று அம்மக்கள் அவரைப் போற்றினர். ஆனால் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டபோது பிரிட்டனின் பிரதமர் அவரே. வங்கத்து உழவன் ஒருவனுக்கு அவ்வாக்குச் சீட்டு கிட்டியிருப்பின் யாது எழுதியிருப்பான்? 2004ஆம் ஆண்டு கனடா நாட்டார் தேர்ந்தெடுத்தவரோ, ஏழைக்கும் மருத்துவம் கிட்ட வேண்டும் என்று அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு வித்திட்ட டாமி டக்ளஸ் ஆவார்.

போர்ச்சுகல் நாட்டில் 2007ஆம் ஆண்டு நடந்தது இன்னும் வியப்பானது. அங்கு முதலிடம் பெற்றவர் 1932 முதல் 1968 வரை சர்வாதிகாரம் செலுத்திய சலாசார். மூன்றாம் இடம் பெற்றவர் அரிஸ்டிடஸ் டி சோசா மெண்டஸ். இவர் 1940ஆம் ஆண்டு பிரான்சில் போர்ச்சுகலின் தூதரக அதிகாரியாக இருந்து, இட்லரின் படைக்கு அஞ்சி ஓடிவந்த மக்களுக்கு மேலிடத்து ஆணையை மீறி நுழைவு அனுமதி வழங்கியவர்; அதன் பொருட்டுச் சலாசார் அரசால் தண்டிக்கப்பட்டவர். தண்டித்தவருக்கு முதலிடம், தண்டனை பெற்றவருக்கு மூன்றாமிடம்! வாக்கு, வாக்களிப்போரின் மனத்தைக் காட்டும் கண்ணாடியேயன்றி, வாக்குப் பெற்றவரின் உயரத்தை அளக்கும் கோல் அன்று என்பது இதனால் தெளிவாகும்.

நம் அண்ணலின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. முதல் பொதுத் தேர்தலில் 1952ஆம் ஆண்டு பம்பாயில் அவர் தோல்வியுற்றார். 1954ஆம் ஆண்டு பண்டாரா இடைத்தேர்தலிலும் வெற்றி கிட்டவில்லை. அன்று அவரைத் தோற்கடித்ததும் வாக்கு, அறுபது ஆண்டுகள் கழித்து அவரை முதலிடத்தில் அமர்த்தியதும் வாக்கு. இடையில் அம்பேத்கர் மாறவில்லை. 1956இல் மறைந்துவிட்டவர் எங்ஙனம் மாறுவார்? மாறியவர்கள் மக்கள். ஊர்தோறும் படிப்பகம் அமைத்தோரும், பிறந்த நாள் விழா எடுத்தோரும், 1979 முதல் மராட்டிய அரசு தொகுதி தொகுதியாக வெளியிட்ட அவர்தம் எழுத்துகளைப் படித்துப் பரப்பியோரும் சேர்ந்து உண்டாக்கிய மாற்றம் அது. 1990ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது வந்ததும் அம்முயற்சிகள் நாடெங்கும் ஓங்கிய காலத்திலேயே.

அண்ணல் காட்டிய அளவுகோல்

அங்ஙனமாயின் சரியான அளவுகோல் யாது? இவ்வினாவுக்கு அண்ணலே விடை கூறியிருக்கிறார். 1943ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள், மகாதேவ கோவிந்த ரானடேயின் பிறந்த நாளையொட்டிப் புனே நகரில் அவர் ஆற்றிய பேருரையின் பொருளே, பெரிய மனிதர் எனப்படுபவர் யார் என்பதுதான். உள்ளத்தில் நேர்மை வேண்டும். அதனோடு அறிவாற்றலும் வேண்டும். ஆயின் இவ்விரண்டும் உடையவர் புகழ்பெற்றவர் ஆகலாமேயன்றிப் பெரியவர் ஆகிவிட மாட்டார். சமுதாய நோக்கம் ஒன்று அவரை இயக்கவேண்டும். சமுதாயத்தின் அழுக்கைத் துடைக்கவும் தீமையைக் கண்டித்து ஒறுக்கவும் அவர் முற்படவேண்டும் என்பது அவ்வுரையின் சாரம்.

இவ்வளவுகோலை அண்ணலின் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டு மகாடு நகரில் பொதுக் குளத்து நீரை அள்ளிப் பருக ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு கைவிடப்பட்ட நிலையில், 1951ஆம் ஆண்டு அமைச்சர் பதவியைத் துறந்தார். பதவிக்காகக் கொள்கையை விட்டவர் பலர். கொள்கைக்காகப் பதவியை விட்டவர் சிலரே.

பெருமாநல்லூர் வட்டாரத்து இளைஞர்கள் அறியவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல். அக்காலத்தில் கொண்டுவரப்பட்ட 1946ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்தால், வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலை நேர வரம்பு 48 மணியாகக் குறைந்தது. தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கு வழிகோலிய அடார்கர் அறிக்கையும் அவர் பொறுப்பில் இருந்தபோது, 1944இல் அளிக்கப்பட்டது. அது 1948இல் சட்டமாகி இ.எஸ்.ஐ. திட்டமாக உருப்பெற்றபோது தொழிலாளர் அமைச்சராக விளங்கியவர், நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய பாபு ஜெகஜீவன் ராம். பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் அமர்ந்து தைப்பவரும், கட்டிங் மேசையில் நிற்பவரும், எட்டு மணி நேரத்தை ஒரு ஷிப்டு என்று கணக்கிட்டு அதற்கு மேல் அரை ஷிப்டு கேட்கும்போது, அக்கணக்கின் பின்னால் ஒரு சட்டத்தின் வரலாறு இருப்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

விடுபட்ட விவாதம்

2012ஆம் ஆண்டுத் தேர்வில் காந்தியடிகளின் பெயர் போட்டிக்கே வைக்கப்படவில்லை. அவருடன் ஒப்பிடத்தக்கார் எவருமிலர் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. காந்தியடிகளுக்குச் செய்த மரியாதை போல இது தோன்றினும், உண்மையில் நடந்திருக்கவேண்டிய விவாதம் ஒன்று இதனால் தவிர்க்கப்பட்டது. 1932ஆம் ஆண்டு தனித்தொகுதி வினாவில் இருவரும் எதிரெதிர் நின்றனர். காந்தியடிகளின் உண்ணாநோன்பையடுத்துச் செப்டம்பர் 24இல் புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித்தொகுதி போயிற்று, ஒதுக்கப்பட்ட இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. அது ஆதாயமா இழப்பா என்பது இன்றளவும் அறிஞர் ஆராயும் பொருள். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலுக்குக் காந்தியடிகள் தம் 'அரிசன்' இதழில் மறுப்பு எழுதினார். அடுத்த பதிப்பில் அம்மறுப்பையும் சேர்த்தே அச்சிட்டு, தம் விடையையும் அதன்கீழ் வைத்தார் அண்ணல். எதிர்வாதத்தை மறைக்காமல் படிப்போர்முன் வைத்த அந்த நேர்மையை நாமும் பின்பற்றவேண்டும். இருவர் எழுத்தையும் படித்த பின்னரே நம் இளைஞர் மேடை ஏறவேண்டும்.

பட்டியலில் இடம்பெறாதோர்

பத்துப் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாதோரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1848ஆம் ஆண்டு புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சோதிராவ் பூலே, சாவித்திரிபாய் பூலே இணையர் அதில் இல்லை. தடை செய்யப்பட்ட தெருவில் 1893ஆம் ஆண்டு வில்வண்டி ஓட்டிய கேரளத்து அய்யன்காளி இல்லை. 1907 முதல் 'தமிழன்' இதழ் நடத்திய அயோத்திதாச பண்டிதரும், பொதுச் சாலையும் கிணறும் எல்லார்க்கும் உரியன என்று 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசனாரும் இல்லை. அண்ணலுக்கு முன்னும் உடனும் நடந்தவர்கள் இவர்கள். மலையின் உச்சியைக் காண்போர், அதனைத் தாங்கி நிற்கும் அடிவாரத்தை மறத்தலாகாது.

கொங்கு நாட்டில் தீரன் சின்னமலையின் பெயரை அறியாதார் இலர். அவருக்குத் துணைநின்று உயிர் ஈந்தவன் என்று நம் மக்கள் வாய்மொழியாகப் போற்றிவந்த பொல்லானின் பெயர், ஏடுகளில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. எழுதப்படாத நினைவு, எழுதியோரின் நினைவுக்கு முன் ஒதுங்கியே நிற்கும். இதற்கு மாறாக நம் ஊரிலேயே ஒரு சான்று காணலாம். 1970ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பெருமாநல்லூரில் மூவர் உயிர்நீத்தனர். அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் உழவர் அமைப்புகள் அஞ்சலி செலுத்துவதால் அந்நினைவு அழியவில்லை. புகழ் தானே நிலைப்பதில்லை. அமைப்பாகத் திரண்டோரே அதனை நிலைநிறுத்துகின்றனர்.

வழிபாடு வேண்டா

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், அரசியலில் தனிமனித பக்தி நாட்டைச் சீரழித்துச் சர்வாதிகாரத்திற்கு இட்டுச்செல்லும் என்று எச்சரித்தவர் அண்ணல். அதே உரையில், அரசியல் சட்டப் பணியின் பெருமை பி.என். ராவ், எஸ்.என். முகர்ஜி முதலியோர்க்கும் உரியது என்று பெயர் சுட்டிப் பகிர்ந்தளித்தார். தம் புகழைத் தாமே பங்கிட்ட அவரை நாம் தெய்வமாக்கி மாலையிட்டு நூலைத் திறவாது விடுவோமாயின், அவரைப் போற்றியவர்கள் ஆகமாட்டோம்.

ஆகவே, 'தலைசிறந்தவர் யார்?' என்று எவரேனும் வினவுமிடத்து, நம் இளைஞர் முதலில் 'எந்த அளவுகோலால்?' என்று கேட்கட்டும். வாக்கின் எண்ணிக்கையாலோ, பதவியின் உயரத்தாலோ அன்றி, அடித்தட்டில் இருந்த மனிதனின் நிலை அவரால் எவ்வளவு உயர்ந்தது என்னும் கணக்கால் அளக்கும்போது, அண்ணல் அம்பேத்கருக்கு உரிய இடத்தை எவரும் மறுத்தற்கு இயலாது.

அத்துடன் உடனே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நம் ஒவ்வொரு குடியிருப்பிலும் முதன்முதல் பள்ளி சென்றவர் யார், பிறர் தடுத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய் யார், இரவுப் பள்ளிக்கு விளக்கும் எண்ணெயும் தந்தவர் யார் என்பவற்றை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு, ஆண்டும் பெயரும் குறித்து, ஏட்டில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அவர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர்; காலம் தாழ்த்தலாகாது. பொன்விழா மலரைத் தொகுப்போர்க்கு அவ்வேடுகள் இப்போதே ஆயத்தமாகட்டும்.