குளிர்நாடு சென்ற காவிரிக்கரைக் கிழங்குகள்

பூம்புகார் என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவன கப்பல்களும் பண்டசாலைகளும் கடல்கொண்ட வீதிகளுமே. ஆனால் பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் கண், துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை. சோழநாட்டு வளத்தைச் சொல்ல வந்த அவர் தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை என்று அடுக்கிக்கொண்டே வந்து, சேம்பையும் இஞ்சியையும் கூறுகிறார். வாய்க்கால் ஓரத்தில் வளரும் ஒரு கிழங்குச் செடிக்கும் புலவர் பாட்டில் இடம் கொடுத்தார் என்பதை மாணவச் செல்வங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பாடம் நடத்திய நாட்களில் நானே அந்தச் சொல்லைப் பொருள் மட்டும் கூறி விரைந்து கடந்தவன்தான்.

அந்தச் சேம்பின் சுற்றத்தாரும், நம் வேலிகளில் படரும் காந்தளும், பனி உறையும் நாடுகளுக்குச் சென்று கண்ணாடி வீடுகளில் வளர்ந்த வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

காந்தளிலிருந்து தொடங்குவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் எண்ணும் 99 மலர்களுள் முதலில் நிற்பது அதுவே. நம் நாட்டார் அதற்குச் சூட்டிய பெயர்கள் பல. கிழங்கு இருபிரிவாய் வளைந்து கலப்பையை ஒத்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்காலத்தில் முளைத்துக் கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ. கண்வலிக் கிழங்கு என்பதும் அதுவே. இலக்கியத்தில் தோன்றி என்றொரு பெயரும் உண்டு. மலையாள நாட்டார் அதனை மேந்தோன்னி என்றனர். இந்தப் பெயர்தான் கடல் கடந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் வணிகக் கழகத்தின் மருத்துவராயிருந்து, பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் தலைவரான பால் ஹெர்மன், 1687இல் வெளியிட்ட அத்தோட்டத்தின் பட்டியலில் இச்செடியை ‘மெத்தோனிகா’ என்று குறித்தார். வான் ரீடு என்பார் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்னும் பெருநூலின் 7ஆம் தொகுதியிலும் ‘மெந்தோனி’ என்ற பெயரோடு அதன் படம் இருக்கிறது. பின்னர் வந்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், கிரேக்கமும் இலத்தீனும் அல்லாத பெயர்களைச் செடிகளுக்கு ஏற்க விரும்பாதவர். அவர் தம் 1753ஆம் ஆண்டு நூலில் அதற்கு ‘குளோரியோசா சுபெர்பா’ என்று பெயரிட்டார். புகழுடையது, பெருமிதமானது என்பது பொருள். பெயர் அழகியதுதான், ஆயினும் தோன்றி என்னும் ஒலி அதோடு மறைந்துவிட்டது என்பதில் எனக்கு இன்றும் சிறிது வருத்தமுண்டு.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் சென்ற பாய்க்கப்பல்களில் உயிருள்ள செடியைக் காப்பது அரிது. உப்புக்காற்றும் குடிநீர்த் தட்டுப்பாடும் அதனை வாட்டிவிடும். லண்டன் மருத்துவர் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி நீரின்றி நெடுநாள் வாழும் என்பதை 1829ஆம் ஆண்டளவில் கண்டறியும்வரை, விதையையும் உறங்கும் கிழங்கையுமே நம்பிக்கையோடு அனுப்பலாம். உறங்கும் கிழங்கு என்றேன். நம் காந்தள் பூத்து ஓய்ந்தபின் கொடியும் இலையும் காய்ந்து விழ, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கோடை முழுவதும் துயில்கிறது. உணவு உள்ளே சேமிக்கப்பட்டிருக்கிறது, நீர் வேண்டுவதில்லை. உலர்ந்த மணலில் புதைத்தால் அது கடலையும் உறங்கியே கடந்துவிடும்.

உறங்கியதை அங்கே எழுப்புவதுதான் கடினம். ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் செல்வர்கள் வெப்ப வீடுகள் கட்டினர். தோல் பதனிடுவோர் கழித்த ஓக் மரப்பட்டையைக் குழியில் நிரப்பினால் அது புளித்து மெல்லிய சூட்டை வெளியிடும். அதன்மேல் தொட்டிகளைப் புதைத்து வைத்தனர். ஆனால் சூடு மட்டும் போதாது. இத்தகைய கிழங்கை ஆண்டு முழுவதும் அன்போடு நீரூற்றி வளர்ப்பவன் அதனைக் கொன்றுவிடுவான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் கிழங்கு அழுகும். ஆகவே குளிர்நாட்டுத் தோட்டக்காரர், இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் நீரை நிறுத்தி, குளிர்காலம் முழுவதும் தொட்டியை உலர்ந்தபடி உறைபனி படாத இடத்தில் வைக்கிறார். மார்ச்சு மாதம் அளவில் புதுமண்ணில் கிழங்கைக் கிடையாகப் புதைத்து, சூடு கொடுத்துப் பின் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். கலப்பையின் நுனியிலேதான் முளை இருக்கும். அது ஒடிந்தால் அக்கிளையிலிருந்து அவ்வாண்டு கொடி வராது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு கோலைப் பிடித்து ஏறும். சூலையிலும் ஆகஸ்டிலும் மலர்கிறது. அதாவது, அங்கே கார்த்திகை ஆடியிலேயே வந்துவிடுகிறது! அவர்கள் உண்மையில் எடுத்துச் சென்றது ஒரு செடியை அன்று. நம் நாட்டின் வறட்சியும் மழையும் மாறிவரும் முறையைத்தான். அம்முறை கார்த்திகைப்பூ என்னும் பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது. பெயரை மாற்றியவர்கள் அதனைத் தொட்டியிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

இனி, நம் கடற்கரைக்கே திரும்புவோம். பூம்புகாருக்குத் தெற்கே, ஒரு பகல் நடையில் அடையத்தக்க ஊர் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620இல் தேனியர்கள் அங்கே கோட்டை கட்டினர்; 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். அங்கே 1768இல் மருத்துவராக வந்து சேர்ந்தவர் யோகான் கெர்ஹார்டு கோனிக். லின்னேயசிடம் பயின்ற இவர், இங்கு வருமுன் ஐசுலாந்துத் தீவில் செடிகளைத் தேடி அலைந்தவர். அங்கே அவர் கண்ட மிகச் சிறு செடியொன்றுக்கு ஆசிரியர் மாணவரின் பெயரையே சூட்டினார். பனிப்பாறைகளுக்கிடையே குனிந்து தேடிய அதே கண்கள், சில ஆண்டுகளில் காவிரியின் கழிமுகச் சேற்றில் குனிந்து தேடின என்பதை எண்ணிப் பாருங்கள்! 1774இல் ஆர்க்காட்டு நவாபின் பணியிலும், பின்னர் ஆங்கிலக் கழகத்தின் பணியிலும் சேர்ந்து, சயாம் வரை சென்று மீண்டு, 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஓர் ஊரில் மறைந்தார். தம் குறிப்புகளை லண்டனிலிருந்த சர் சோசப் பேங்க்சுக்கு விட்டுச் சென்றார். அவருக்குப் பின் தரங்கம்பாடியில் செடி தேடியவர்களுள் ராட்லர் என்பார், தமிழ் அகராதி ஒன்றும் தொகுத்தவர்.

கோனிக் அனுப்பிய செடிகள் பலவற்றைச் சுவீடனின் லுண்டு நகரப் பேராசிரியர் ரெட்சியஸ் ஆராய்ந்து நூலாக்கினார். 1779இல் வந்த முதற்பகுதியில் சேம்புக் குடும்பத்துச் செடி ஒன்று இடம்பெற்றது. வயல் வாய்க்காலில் நீருக்குள் நாடாப் போன்ற இலைகளோடு நிற்கும். அதன் பூமடல் திருகு சுழன்று இருக்கும். பூக்கள் மடலின் அடியில் ஒரு சிறு குப்பிக்குள் மறைந்திருக்க, மடலின் வாய் மட்டும் நீருக்கு மேலே எழுந்து சிறு ஈக்களை அழைக்கும். திருகியது என்னும் பொருளில் ‘ஸ்பைராலிஸ்’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஐரோப்பியர் அதனை மீன்தொட்டிகளில் வளர்க்கின்றனர்.

நம் சித்த மருத்துவர்கள் அதனை நெடுநாளாக அறிவர். அவர்கள் இட்ட பெயரில் ஒரு வரலாறே இருக்கிறது. உண்மையான அதிவிடயம் இமயத்தின் குளிரில் வளரும் ஒரு கிழங்கு. சமவெளிக்கு இறங்கி வாழாதது. அதற்கு மாற்றாக இங்கே கொள்ளப்பட்ட வாய்க்கால் கிழங்கு நாட்டு அதிவிடயம் ஆயிற்று. குளிர்நாட்டார் வெப்ப நாட்டுக் கிழங்குக்கு வீடு கட்டினர்; நம்மவரோ குளிர்நாட்டுக் கிழங்குக்கு வீட்டருகிலேயே உறவு தேடினர்.

சேனையைப் பற்றியும் ஒரு சொல். கோடைமழை பெய்ததும் கொல்லையில் இலைக்கு முன்னே அதன் பூ எழுந்து, அழுகிய இறைச்சி நாற்றத்தால் வீட்டாரை வெளியே விரட்டுவதைத் தஞ்சைப் பிள்ளைகள் அறிவார்கள். அதன் பேருருவ உறவினனை 1878இல் சுமத்திராக் காட்டில் இத்தாலியர் பெக்காரி கண்டார். அவர் அனுப்பிய விதையிலிருந்து வந்த கன்று லண்டன் கியூ தோட்டத்தில் 1889இல் பூத்தது. 1926இல் மீண்டும் பூத்தபோது திரண்ட கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவலர் வரவேண்டியிருந்ததாம். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் நாற்றத்தை அவர்கள் வரிசையில் நின்று முகர்ந்தனர்.

காந்தளின் பிற்கால வரலாறு மருந்தோடு சேர்ந்தது. ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளிகளில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கொல்சிக்கம் என்னும் கிழங்குச் செடியிலிருந்து 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லெத்தியேவும் கவாந்துவும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். மூட்டுகளைத் தாக்கும் கீல்வாத வகையொன்றுக்கு மருந்தான கொல்சிசின் அதுவே. நம் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அதே பொருள் இருக்கிறது. இன்று அவ்விரு செடிகளையும் அறிஞர் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். விதைக்காகத் தமிழகத்து உழவர் காந்தளைப் பயிரிடுகின்றனர். கம்பியிலும் முட்செடியிலும் கொடியைப் படரவிட்டு, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கின்றனர். மருந்தென்பதால் காட்டுக் கிழங்குகள் தோண்டப்பட்டு, வேலிகளில் அது அருகிவிட்டது. தமிழகத்தின் மாநில மலரைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளைகள் பலர். நேரில் கண்டால் பார்த்து மகிழுங்கள். கிழங்கை வாயில் வைத்துவிடாதீர்கள், உயிருக்கே இடராகும் நஞ்சு அது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு நாள், மேட்டூர் நீர் வாய்க்காலுக்கு வந்து சில வாரங்கள் ஆன பின், ஒரு மாணவன் சேறு சொட்டச்சொட்டச் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து மேசைமேல் வைத்தான். நாடா போன்ற இலைகள். நடுவே திருகிய ஊதாநிற மடல். “இதற்குப் பெயர் என்ன, ஐயா?” என்று கேட்டான். “ஏதோ வாய்க்கால் புல்; வெளியே எறிந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வா” என்றேன். அவனும் அவ்வாறே செய்தான். அந்தச் செடி தரங்கம்பாடியிலிருந்து சென்று 1779இல் அச்சேறியது என்பதை, ஓய்வு பெற்ற பின்னரே நான் படித்தறிந்தேன். தம்பி, அதன் பெயர் நாட்டு அதிவிடயம்.