தாலியைக் காணிக்கையாக்கிய தலைவி

கணவனை இழந்து தீப்பாய்ந்த பெருங்கோப்பெண்டைப் புறநானூறு காட்டும். உயிர்வாழ்ந்து கடன் முடித்த கைம்பெண்ணை நம் சீமை வரலாறு காட்டும்.

1772 சூன் 25. கல்லலுக்கு அண்மையிலுள்ள காளையார்கோயிலில், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையின் குண்டுக்கு இரையானார். வேலுநாச்சியாருக்கு அழுது ஓயவும் பொழுது வாய்க்கவில்லை. மகள் வெள்ளச்சியுடன் விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தார். மருதிருவர் துணைநிற்க, ஐதர் அலியின் ஆதரவுடன் 1780இல் சிவகங்கையை மீட்டார்.

ஏடுகள் அவ்வெற்றியைப் போற்றும். மக்கள் நினைவோ மற்றொன்றையும் போற்றுகிறது. அரசி சென்ற வழியைச் சொல்ல மறுத்து வெட்டுண்டவள் உடையாள். மீண்டுவந்த நாச்சியார் தம் வைரத்தாலியை அவளது நடுகல்லுக்குக் காணிக்கையாக்கினார் என்பது செவிவழி வழக்கு. கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் அந்நினைவு இன்றும் வாழ்கிறது.

கணவர் நினைவாக எஞ்சிய அணியைத் தமக்காக மடிந்தவளுக்கு ஈந்தபோது, அரசியின் துயரம் நாட்டாரின் துயரத்தோடு ஒன்றாயிற்று. அவ்வழக்கை மறவாது காத்த எளிய மக்களுக்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.