சிறு சபைகளும் பெருநம்பிக்கையும்



எண்ணூர்க் கழிமுகத்தின் அருகே வாழ்பவன் நான். பள்ளித் தலைமையாசிரியனாய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒரு ஞாயிறு காலை, என் பழைய மாணவன் ஒருவனுடன் சிறு தேவாலயம் ஒன்றைக் கடந்து சென்றேன். உள்ளே இருபது பேர் அமர்ந்திருந்தனர். போதகரோ, ஆயிரவர் முன் நிற்பவரைப் போன்ற ஆர்வத்துடன் உரையாற்றிக்கொண்டிருந்தார். "ஐயா, இருபது பேருக்காக ஒரு கோயிலும் ஒரு போதகரும் வேண்டுமா?" என்று அவன் வினவினான். நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லேன். எனினும், வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அவனுக்கு விடை கூறக் கடமைப்பட்டேன். அவ்விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

சென்னையின் கிறிஸ்தவ வரலாற்றில் 'பிரெஸ்பிட்டீரியன்' என்னும் ஸ்காட்லாந்துச் சபையாருக்குத் தனி இடம் உண்டு. 'பிரெஸ்பிட்டரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள். ஆயர் ஒருவரின் ஆணையால் அன்றி, மக்கள் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் கூடி ஆராய்ந்து நடத்தும் சபை அது. ஆதலால், எத்துணைச் சிறிய சபையாயினும் தன் பொறுப்பைத் தானே சுமக்கக் கற்றுக்கொண்டது.

அச்சபையார் எழும்பூரில் எழுப்பிய புனித ஆந்திரேயர் ஆலயத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1821-இல் அது திறக்கப்பட்டது. அவ்விடத்து மண் உறுதியற்றது. எனவே, அதைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலாந்து, நம் நாட்டு உறைகிணற்று முறையைக் கைக்கொண்டு, நிலத்தினுள் வரிசை வரிசையாய்க் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தினார். வானளாவும் கோபுரத்தைக் காண்போர் பலர். அதைத் தாங்கும் கிணறுகளைக் கண்டவர் எவருமிலர்.

அவ்வாலயத்தின் குருமார் இருவர் 1835-இல் தொடங்கிய சிறு பள்ளியை வளர்க்க, ஸ்காட்லாந்திலிருந்து ஜான் ஆண்டர்சன் என்னும் இளம் போதகர் வந்தார். 1837 ஏப்ரலில், அரண்மனைக்காரத் தெரு என இன்று நாம் அழைக்கும் ஆர்மீனியத் தெருவில், 59 மாணவருடன் அவர் பள்ளியைத் திறந்தார். மாணவர் தொகை விரைவில் பெருகிற்று. சோதனையும் விரைவிலேயே வந்தது. மறு ஆண்டில், தீண்டத்தகாதார் என அந்நாள் ஒதுக்கிய வகுப்பினரின் சிறுவர் சிலர் அங்குச் சேர்ந்தனர். அவர்களை விலக்குமாறு மற்றவர் வற்புறுத்தினர், ஆண்டர்சன் இணங்கவில்லை. மாணவர் பலர் வெளியேறினர். பள்ளி சுருங்கியது, கொள்கை சுருங்கவில்லை.

1841-இல் ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு என்னும் மாணவர் மூவர் ஞானஸ்நானம் பெற்றனர். நகரம் கொதித்தெழுந்தது. பெற்றோர் தம் மக்களைப் பள்ளியினின்று அழைத்துச் சென்றனர். அப்பெற்றோரின் துயரத்தை நாம் எளிதாய் எண்ணலாகாது. படிக்க அனுப்பிய பிள்ளை வீட்டிற்கே அயலானாவது பெருந்துன்பம். அவ்விளைஞரும் தாயையும் தந்தையையும் இழந்தே நின்றனர். பிற்காலத்தில் மூவரும் பிரசங்கிகளாயினர். 1855-இல் ஆண்டர்சன் சென்னையிலேயே உயிர்நீத்தபோது, அவர்தம் சபையில் சேர்ந்தோர் தொகை பெரிதன்று. தலைகளை எண்ணிப் பார்ப்போர் அவர் பணியைத் தோல்வி என்றே எழுதியிருப்பர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1862-இல் வந்த வில்லியம் மில்லரின் உழைப்பால் அப்பள்ளி வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. எல்லாச் சமயத்து இளைஞரும் அங்கே பயின்றனர். 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த அக்கல்லூரி இன்றும் நின்று நிலவுகிறது.

எங்கள் வடசென்னைக்கு அருகிலும் ஒரு சான்று உண்டு. ஸ்கை தீவில் போதகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்த மெட்டில்டா மக்பெயில், மருத்துவம் கற்று 1888-இல் சென்னை வந்தார். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கெனச் சிறு மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1914-இல் ராயபுரத்தில் ரெயினி மருத்துவமனையாய் உருப்பெற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் இங்கே தொண்டாற்றினார். இன்றும் 'ரெயினி ஆஸ்பத்திரியில் பிறந்தேன்' என்று கூறுவோரை எங்கள் பக்கத்தில் எளிதில் காணலாம்.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுகிறேன். நான் பணியாற்றிய பள்ளியொன்றில், ஒரு மழைக்காலத்தில், உயர் வகுப்புக்குப் பதினொருவரே வந்தனர். கடலுக்குப் போக இயலாத வீடுகளில் அடுப்பெரியவில்லை. பிள்ளைகள் கூலி வேலைக்குச் சென்றனர். அவ்வகுப்பை மூடிவிடலாம் என மேலதிகாரிகளுக்கு எழுதக் காகிதமும் எடுத்தேன். அப்போது ஆண்டர்சனின் வெறிச்சோடிய வகுப்பறை என் நினைவிற்கு வந்தது. காகிதத்தைக் கிழித்தெறிந்து பாடத்தைத் தொடங்கினேன். அனைவரும் சிறந்தனர் என்று நான் பெருமை பேசமாட்டேன். இருவர் இடையிலேயே நின்றுவிட்டனர். ஒன்பது பேர் தேர்வெழுதினர். அவ்வகுப்பை மூடியிருந்தால், அந்த ஒன்பது பேரும் இலர்.

சபையின் பெயரும் நிலைத்திருக்கவில்லை. 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன்வழி 1947 செப்டம்பர் 27-இல் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையிலும் பிரெஸ்பிட்டீரியர் கலந்தனர். பெயர் மறைந்தது, பள்ளியும் மருத்துவமனையும் நிலைத்தன.

ஆகவே, என் மாணவனுக்கு நான் கூறியது இதுதான்: "தம்பி, அங்கு இருப்போர் இருபதின்மர் என்பது உண்மை. அவருள் ஒருவர் நோயுற்றால், வீடு தேடிச் செல்ல அப்போதகர் இருக்கிறார். நம்பிக்கை என்பது நாளை ஆயிரம் பேர் வருவர் என்னும் கணக்கன்று. இன்று வந்தவரைக் கைவிடாமை."

இளைஞர்களே, நாளை உங்களிற் சிலர் சிறிய பள்ளியில், சிறிய ஊரில், சிறிய பணியில் அமர்வீர்கள். அப்போது எழும்பூர் ஆலயத்தின் கோபுரத்தை அன்று, மண்ணுக்குள் இருக்கும் அக்கிணறுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.