யாருக்குத் திருகாணி? முதுகெலும்புக் காசநோயும் சென்னை ஆய்வுகள் தந்த அளவுகோலும்

முதுகெலும்பை உலோகத்தால் நிலைநிறுத்தும் அறுவை பற்றிய ஆய்வுகளில் பல, எந்தத் திருகாணி பிடிக்கும், எந்தக் கம்பி தாங்கும் என்றே ஆராய்கின்றன. முதுகெலும்புக் காசநோயைப் பொறுத்தவரை தமிழகத்தில் அதற்கு முந்தைய கேள்வி எழுந்தது: யாருக்கு அறுவை தேவை? அதற்குக் கிடைத்த விடையைப் பயன்படுத்த வேண்டிய முதல் இடம் மாவட்ட மருத்துவமனை என்பதே என் வாதம்.

காசநோய் அரித்த முள்ளெலும்புகளை முன்புறமாகத் திறந்து, சீழையும் செத்த எலும்பையும் அகற்றி, எலும்பு ஒட்டு வைக்கும் முறையை ஹாங்காங்கின் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் 1956இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் நுரையீரல் நோயாளி, சானடோரியத்தில் இருப்பவருக்கு நிகராகக் குணமடைவதை 1959இல் காட்டிய மையம் அது. பின்னர் முதுகெலும்பிலும் அதே சோதனை நடந்தது. இரு பிரிவினர் நடமாடியபடியே ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் 6 அல்லது 9 மாதம் உட்கொண்டனர். மூன்றாம் பிரிவினருக்கு 6 மாத மருந்தோடு ஹாங்காங் அறுவையும் நடந்தது. 1999இல் வெளியான பத்தாண்டு முடிவில் அறுவைப் பிரிவு மற்றவற்றை விஞ்சவில்லை. கால்கள் கடுமையாகச் செயலிழந்தவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இம்முடிவைப் பொருத்துவது ஆபத்து.

நோய் ஆறுவது வேறு, முதுகு நிமிர்ந்து நிற்பது வேறு. எலும்பு அறுவை மருத்துவர்கள் இராஜசேகரனும் சண்முகசுந்தரமும் 1987இல் தந்த சூத்திரம் இங்கேதான் உதவுகிறது. அரிக்கப்பட்ட முள்ளெலும்பு ஒவ்வொன்றும் இழந்த உயரத்தைப் பத்தில் இத்தனை பங்கு என அளந்து கூட்டி, அதை 30.5ஆல் பெருக்கி 5.5 சேர்த்தால், அறுவையின்றி இறுதியில் வரக்கூடிய கூனலின் கோணம் கிடைக்கும். ஒரு முள்ளெலும்பு அளவு இழப்புக்கு 36 பாகை; ஒன்றரைக்கு ஏறத்தாழ 51. தேவைப்படுவது பக்கவாட்டு எக்ஸ்ரேயும் அளவுகோலும் மட்டுமே.

குழந்தைகளிடம் சிக்கல் கூடுகிறது. முன்புறம் வளர்ச்சித் தட்டுகள் அழிந்திருக்க, பின்புறம் வளர்ந்துகொண்டே போகும். கிருமி ஒழிந்த பின்னும் முதுகு வளையலாம். 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் இராஜசேகரன் வெளியிட்ட ஆய்வு நான்கு எச்சரிக்கை அடையாளங்களைச் சொல்கிறது: பின்மூட்டுகள் விலகுதல், சிதைந்த எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுதல், பக்கவாட்டில் நகர்தல், மேலுள்ள முள்ளெலும்பு முன்னே கவிழ்தல். இவற்றில் இரண்டுக்கு மேல் தெரிந்தால் கூனல் கடுமையாகும்.

திருகாணி பாதுகாப்பானதாகிவிட்ட இக்காலத்தில் எல்லோருக்கும் பொருத்தினால் என்ன என்று கேட்கலாம். சிறிய இழப்புள்ள பெரியவருக்கு மருந்தே போதும். அறுவை வீண் சுமை. குழந்தைக்கோ முன்புறத்தை மட்டும் ஒட்டினால் பின்புற வளர்ச்சி கூனலைக் கூட்டக்கூடும். முள்ளெலும்புகளுக்கு இடையிலான இரு வட்டுகளைத் தாண்டி நீளும் ஒட்டு முறியவும் நழுவவும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்ததே. அளக்காமல் செய்யும் அறுவையும், அளக்காமல் விடும் அறுவையும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையிலிருந்து முதுகுவலியோடு இறங்கிவரும் குழந்தைக்குக் காசநோய் என உறுதியானால் மருந்து தரப்படும். மருந்துக் காலம் முடிந்ததும் கோப்பை மூடிவிட்டால், கூனல் வளரும் ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போகும். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இயங்கும் மாவட்ட நிர்வாகமும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, இத்தகைய குழந்தைகளுக்கு வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுதோறும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எச்சரிக்கை அடையாளங்கள் தென்பட்டதும் அறுவைக்கு அனுப்பப்படும் குழந்தைக்குச் சிறிய வளைவிலேயே நிலைநிறுத்திவிடலாம். இறுகிப்போன பெருங்கூனலோடு இருபது வயதில் வருபவருக்கோ எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும்; தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கும் அபாயம் அந்த அறுவையில் மிக அதிகம்.