'இன்டர்ஸ்டெல்லர்' ஆர்கனுக்கு முன்னாடி அங்கே இருந்த ஆர்கன் என்ன ஆச்சு?

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயினில் போகும்போது, ஹெட்போனில் 'இன்டர்ஸ்டெல்லர்' பட இசையைக் கேட்டிருக்கீங்களா? நெஞ்சுக்குள்ள அதிருமே, அந்த ஆர்கன் சத்தம் நிஜ பைப் ஆர்கனோடது. லண்டன் டெம்பிள் சர்ச்சில் வாசித்துப் பதிவு செஞ்சாங்க. ஆனா, அது அந்த சர்ச்சோட பழைய ஆர்கன் இல்லை. பழசோட கதையே வேற.

ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ரீட் அதிரும். பைப் ஆர்கனில் கட்டைக்குக் கட்டை தனித்தனி குழல். துருத்தியிலிருந்து வரும் காற்று அதுக்குள்ள பாய்ந்து ஊதும். குழல்களின் அளவையும் குரலையும் அந்தக் கட்டடத்துக்குப் பொருத்தமாத்தான் அமைப்பாங்க. அதனால இடம் மாறினாலே சத்தமும் மாறிடும்.

டெம்பிள் சர்ச், ரெண்டு வக்கீல் சங்கங்களுக்குச் சொந்தமானது. 1684-ல் பெர்னார்ட் ஸ்மித், ரெனாட்டஸ் ஹாரிஸ்னு ரெண்டு பேர் போட்டி போட்டு, ஆளுக்கொரு ஆர்கனை அதே சர்ச்சுக்குள்ள நிறுத்தினாங்க. ஸ்மித்துக்காக வாசித்தவர்களில் ஒருவர் ஹென்றி பர்செல். எதிராளியோட துருத்தியை ராத்திரியோடு ராத்திரியா அறுத்துட்டாங்கன்னுகூட ஒரு கதை உண்டு (வக்கீல்கள் இடத்துலயே!). 1688-ல் ஸ்மித் ஜெயிச்சார். தோற்ற ஆர்கன் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி லண்டன் ஹோபர்னுக்கும் இன்னொரு பகுதி டப்ளினுக்கும் போனது.

ஸ்மித் ஆர்கனோட விசேஷம், அதோட கறுப்புக் கட்டைகள். கர்னாடக இசையில் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் சுத்த காந்தாரத்துக்கும் கீபோர்டில் ஒரே கட்டைதானே? அதுமாதிரிதான் மேற்கத்திய இசையில் டி ஷார்ப்பும் ஈ ஃப்ளாட்டும். ஸ்மித் அதை ஒப்புக்கலை. அந்தக் கட்டையையும், ஜி ஷார்ப் - ஏ ஃப்ளாட் கட்டையையும் ரெண்டு ரெண்டா பிளந்து, தனித்தனி குழல் வெச்சார். காது கூர்மையான ஆளு!

1840-களின் தொடக்கத்தில் சர்ச்சைப் புதுப்பிச்சாங்க. ஆர்கன் நின்ன தடுப்பை எடுத்துட்டு, அதை வடக்குப் பக்கம் ஓர் அறைக்குள்ள தள்ளிட்டாங்க. அப்புறம் 1878, 1910-ன்னு திரும்பத் திரும்பப் பிரிச்சுக் கட்டினாங்க. குழல்கள் கூடின, பிளந்த கட்டைகள் காணாமல்போச்சு. என்னைக் கேட்டா, ஸ்மித்தின் ஆர்கன் பாதி அப்பவே போயிடுச்சு.

மீதி போனது 1941, மே 10 இரவு. ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் சர்ச் தீப்பிடிச்சு, கூரையோடு ஆர்கனும் எரிந்தது.

இப்போ இருப்பது, ஹாரிசன் அண்டு ஹாரிசன் நிறுவனம் 1924-ல் ஸ்காட்லாந்தின் கிளென் டனார் மாளிகை நடன அரங்குக்காகச் செய்தது. மாளிகைக்காரர் பரிசாத் தர, 1953-ல் டெம்பிள் சர்ச்சுக்கு வந்தது. அதுவும் இடம் மாறி வந்ததுதான்.

பைப் ஆர்கனை நேர்ல பார்க்கணுமா? சென்ட்ரலில் இறங்கினா, எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் பக்கத்துலதான்.