பச்சைச் சூரியனும் அப்பாவின் துண்டும்

2025 நவம்பர் 24 ராத்திரி, டெல்லியில் வேலை பார்க்கும் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, எத்தியோப்பியால இருந்து எரிமலைச் சாம்பல் இங்க வருதாம். எனக்கு ஏற்கெனவே வீசிங். ஈரத்துணி கட்டிக்கவா?"

ஹேலி குப்பி எரிமலை முந்தின நாள்தான் வெடித்திருந்தது. பதிவான வரலாற்றில் அதுவே அதன் முதல் வெடிப்பு. சாம்பல் செங்கடல், ஏமன், ஓமன் தாண்டி குஜராத் வழியாக டெல்லி வானத்துக்கே வந்துவிட்டது. ஆனால் போனது விமானம் பறக்கிற உயரத்தில். சில விமானங்கள் ரத்தாயின, தரையில் பெரிய பாதிப்பில்லை. "ஜன்னலைச் சாத்திட்டுப் படு"ன்னு சொல்லி வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, தேட ஆரம்பித்தேன்.

நம்ம வானமும் இதைப் பார்த்திருக்கிறது. 1883 ஆகஸ்ட் 26, 27-ல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துக் குறிப்பு எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரும் அவர்தான்.

தரையிலேயே விழுந்ததும் உண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது சாம்பல் இந்தியா முழுக்கப் படிந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்த அடுக்கை இன்றும் பார்க்கலாம். மைக்கேல் பெட்ராக்லியா குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரிக் கற்கருவிகள் கிடைத்தன. அங்கே இருந்தவர்கள் தப்பிப் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை. பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். தண்ணீரில் கரையாது, நனைந்தால் கனக்கும். 1991 ஜூன் 15-ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்த அன்றே புயல் மழையும் வந்தது. நனைந்த சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து விழுந்துதான் பலர் செத்தார்கள்.

அதனால், சாம்பல் விழுந்தால் வீட்டுக்குள் இருக்கணும். தண்ணீர்த் தொட்டியை மூடணும். காண்டாக்ட் லென்ஸ் கழற்றிடணும். பெருக்கும் முன் லேசாகத் தெளித்தால் போதும், ஹோஸ் பிடித்துக் கழுவினால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். கூரையில் கெட்டியாகச் சேரும் முன்னாடியே, வழுக்கி விழாமல் கவனமாக, அள்ளணும். வெளியே போனால் கண்ணாடியும், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிற என்95 மாஸ்க்கும் வேணும்.

ஈரத்துணி? நனைத்தால் கூடுதலாக வடிகட்டும் என்பது நம்பிக்கைதான். துணி நுண்தூசியைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஒன்றுமே இல்லாததற்குத் துணி தேவலை, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம். பஞ்சுத் தூசிக்கு மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. அதை நனைத்துக் கட்டுவார், "இது போதும்டா" என்பார். ரிட்டயர் ஆன பிறகும் அந்த இருமல் நிற்கவில்லை. தினமும் துண்டைத் துவைத்துப் போட்ட அம்மாவும் அது காப்பாற்றும் என்றுதான் நம்பினாள்.

காலையில் மருமகனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: "ஈரத்துணி வேண்டாம். ஒரு பெட்டி என்95 வாங்கி வை. சாம்பல் போயிரும், டெல்லித் தூசி போகாது."